நாலு ரிவர்ஸ் கியர்

துவாக்குடியில் ஜோதியின் ஷெட்டுக்கு வருகிறவர்கள் அவளையே பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். பத்து வருஷமாக இதே கேள்வி. ஸ்ரீரங்கத்து லக்ஷ்மிகாந்த் ஒருவர்தான் கேட்கவில்லை. தை மாதம் தன்னுடைய பழைய அம்பாசடரையும், கடற்படை ஏலத்தில் எடுத்த ரோந்துப் படகு எஞ்சினையும் கொண்டுவந்து இறக்கினார்.

"இதை அதுல மாட்டணும். சித்திரை கடைசி ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலம், இங்கேர்ந்து ஸ்ரீரங்கம் வரைக்கும். முடியுமாம்மா?"

முடியும் என்று சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே!

உயிரைக் கொடுத்து மாட்டினாள். ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்பு, தெருவே கூடி நிற்க, லக்ஷ்மிகாந்த் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்து தண்ணீர் டிரம்மை உருட்டியது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் நகர்ந்தது.

"பெருமாளே! நாலு கியரும் பின்னாடின்னா போறது!"

எதிர்ப்பட்டறை நல்லுசாமி லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஜோதி, வண்டிக்கு ஸ்ரீரங்கம் வேணாமாம். திரும்பக் கடலுக்கே போகுதாம்!"

ஜோதிக்கு அப்போதுதான் உறைத்தது. படகுக்கு இரட்டை எஞ்சின். ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம் சுற்றும். காருக்கு வலப்பக்கம் சுற்றுவதுதான் வேண்டும், ஏலத்தில் வந்ததோ இடப்பக்கம் சுற்றுவது. மாட்டும் முன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவள் பார்க்கவில்லை. எல்லாம் தெரியும் என்ற மிதப்பு.

லக்ஷ்மிகாந்த் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகலேன்னா சென்னைல ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட குடுத்துடறேம்மா" என்றார். வண்டி சென்னைக்குப் போனால், துவாக்குடியில் இனி அவளிடம் பங்க்சர் ஒட்டக்கூட யாரும் வர மாட்டார்கள்.

மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தாள். உருண்டுபோன அதன் மூடியை எடுக்க மேஜை விசிறிக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றாள். முன்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் சுற்றிய இறக்கை, பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் சுற்றியது. விசிறி மாறவில்லை, பக்கம்தான் மாறியிருந்தது. அப்படியானால் எஞ்சினை ஏன் தொட வேண்டும்? பின் அச்சைக் கழற்றித் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றாதா?

சுற்றும். ஆனால் ஆயில் ஊற்றும் துளை அடியில் போய்விடும். மேலே புதுத் துளை போட்டு, மூடி திருக மரை வெட்ட வேண்டும். அதற்கு நல்லுசாமியிடம்தான் போயாக வேண்டும். ரோஷத்தை ஷெட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

"சிரிச்சது போதும்ணே. கொஞ்சம் கை குடுங்க."

அவள் சொன்னதைக் கேட்டு நல்லுசாமியின் சிரிப்பு நின்றது. "அட, இது எனக்குத் தோணலையே! கொண்டா அச்சை."

ஞாயிற்றுக்கிழமை திருவானைக்காவல் மேம்பால ஏற்றத்தில் மற்ற கார்கள் மூச்சு வாங்கின. ஜோதியின் அம்பாசடர் உறுமிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டியது. முன்னால், முன்னால்! "பேஷ்! பேஷ்!" என்று லக்ஷ்மிகாந்த் சின்னப் பிள்ளை மாதிரி ஹாரனை அடித்தார். பக்கத்து சீட்டில் ஜோதி கண்ணைத் துடைக்கக்கூட மறந்து சிரித்தாள்.

ராஜகோபுரத்துக்கு முன்னால் கூட்டம் மொய்த்தது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் ஜோதியிடம் திரும்பி, "இதுக்கு மெக்கானிக் யாரும்மா? எங்க இருக்காரு?" என்றார்.

பைக்கில் பின்னாலேயே வந்திருந்த நல்லுசாமி முந்திக்கொண்டார். "அவங்ககிட்டதாங்க பேசிட்டு இருக்கீங்க."

ஜோதி கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க சார், ஒரு ரவுண்டு போகலாம். பயப்படாதீங்க, முன்னாடிதான் போகும்."