ஐந்து பெயர்கள்

ஐந்து பேரின் பெயரை எழுதித் தரச் சொல்லிவிட்டு பாண்டீஸ்வரன் டீ குடிக்கப் போய்விட்டான். மளிகைக் கடைக்குச் சாமான் பட்டியல் எழுதச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். போகும்போது ஒரு வெள்ளைத் தாளையும் மூடி கழற்றிய பேனாவையும் கோகிலாவின் முன்னால் எடுத்து வைத்தான். அந்த மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

கோகிலாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை போகிற வழியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து இந்தக் கம்பெனி வந்து உட்கார்ந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முப்பத்து நான்கு பெண்கள். அவர்களில் ஒருத்தியான கோகிலாதான் டீம் லீடர். திறப்பு விழா அன்று மேடையேறிய பெரிய அதிகாரி ஒருவர், இது வியாபாரம் இல்லை, சேவை என்று அரை மணி நேரம் பேசினார். கோகிலாவின் அய்யா ராக்கப்பன், மிளகாய்க் கொல்லையில் போட்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

சேவையின் லட்சணம் இன்று காலை பத்து மணிக்குத் தெரிந்துபோனது. பாண்டீஸ்வரன் மதுரைத் தலைமை அலுவலகத்தின் மேனேஜர். லேப்டாப்பைத் திறந்து சுவரில் படம் காட்டினான். வேலை முழுவதும் இந்த மாதக் கடைசியோடு பிலிப்பைன்ஸுக்குப் போகிறதாம். அங்கே நர்ஸிங் படித்த பெண்கள் ஏராளமாம். பில்லையும் ஏற்றுவார்களாம், அமெரிக்க நோயாளி போன் பண்ணினால் அவன் மாதிரியே இங்கிலீஷில் பேசியும் விடுவார்களாம். ஒரே ஆளிடம் இரண்டு வேலை. போதாததற்கு அங்கே அரசாங்கம் புதிதாக வரிச் சலுகை தருகிறதாம், இங்கே தந்த சலுகையின் காலம் முடிந்துவிட்டதாம். இதையெல்லாம் அம்புக்குறி போட்டு, பச்சை சிவப்பு வண்ணம் தீட்டி அழகாகக் காட்டினான்.

"நாங்க எதுவும் தப்பு பண்ணிட்டமா சார்?" என்று பானுப்பிரியா கேட்டாள். அவள்தான் அந்த அறையிலேயே வேகமாகத் தட்டுகிறவள்.

"சே சே, உங்க குவாலிட்டி நம்பர் ஒன். இது பிசினஸ் டிசிஷன்ம்மா, பர்சனலா எடுத்துக்காதீங்க" என்றான் பாண்டீஸ்வரன்.

முப்பத்து நான்கு பேரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, அதைப் பர்சனலாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். கோகிலாவுக்கு அப்போதுதான் லிண்டா ஞாபகம் வந்தது. முதன்முதலில் இந்த வேலையை கேமரா வழியாக இவர்களுக்குக் கற்றுக் கொடுத்த அமெரிக்கக்காரி. ஒரு மாதத்தில் ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. பெண்கள் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவள் நாற்காலியைப் பிடுங்கித்தான் தங்களுக்குப் போட்டார்கள் என்பது ஒருத்திக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. கோகிலாவுக்கு அந்த வெட்கமும் சேர்ந்து இப்போது கோபமாகத்தான் வந்தது.

லிண்டாவாவது விவரமானவள், சிரிக்கவில்லை. இவர்கள் சிரித்துத் தொலைத்தார்கள். இரண்டு மாதமாக பிலிப்பைன்ஸிலிருந்து மரிசெல் என்ற பெண் கேமராவில் வந்து வேலை பழகினாள். நம் டீமுக்கு ஒத்தாசைக்கு வரும் ஆட்கள் என்று பாண்டீஸ்வரன் சொல்லியிருந்தான். பெண்கள் அவளை மாரிச்செல்வி ஆக்கிவிட்டார்கள். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் தினமும் விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எதையாவது ஒளிப்பார்களா? தெரிந்ததையெல்லாம் கொட்டினார்கள். கொட்டியதில் நிரைக் கதையும் ஒன்று.

மிளகாய்க் கொல்லையில் களை எடுக்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு செடிவரிசையை நிரையாகப் பிடிப்பார்கள். முந்தி முடித்தவள் கரையேறி உட்கார மாட்டாள். பிந்தியவளின் நிரையில் எதிர்முனையிலிருந்து களை எடுத்துக்கொண்டே வருவாள். இருவரும் நடுவில் சந்தித்த பிறகுதான் எல்லோரும் சேர்ந்து கரையேறுவது. இங்கே வந்த பெண்களில் பாதிப் பேர் களை எடுத்தவர்கள், மீதிப் பேர் கொல்லைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அதனால் யாரும் யாருக்கும் சொல்லாமலே அந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நூற்றிருபது பில் என்றால் பானுப்பிரியா மூன்று மணிக்கே முடித்துவிடுவாள். செவ்வந்திக்குத் தொண்ணூறுதான் வரும். பானுப்பிரியா எழுந்து போய் செவ்வந்தியின் நாற்காலியில், செவ்வந்தியின் பாஸ்வேர்டிலேயே உட்கார்ந்து மீதியை முடித்துக் கொடுப்பாள். ஆறு வருடத்தில் ஒருத்தியும் டார்கெட் தவறவில்லை.

மாரிச்செல்விக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நல்லெண்ணத்தில் அதைப் பயிற்சிக் குறிப்பில் எழுதி வைத்தாள். குறிப்பு அமெரிக்காவுக்குப் போனது. நோயாளிகளின் விவரம் இருக்கிற இடத்தில் அடுத்தவர் பாஸ்வேர்டில் உட்காருவது அவர்கள் சட்டப்படி பெரிய குற்றம். யார் செய்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டு அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது.

அந்தக் கடிதத்துக்குப் பலி கொடுக்கத்தான் ஐந்து பெயர். அந்த ஐந்து பேருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளோடு எந்த வாசலுக்குப் போனாலும் திருட்டுப் பட்டம்தான். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் சுத்தமான அனுபவச் சான்றிதழ். கோகிலாவுக்கு மதுரை ஆபீஸில் ஒரு சீட் பேசி வைத்திருப்பதாகவும் பாண்டீஸ்வரன் சொன்னான். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

கோகிலா தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்து பெயர் விஷயம் காதில் விழுந்திருந்த செவ்வந்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் அம்மா கோகிலா வீட்டுக் கொல்லையில் களை எடுத்தவர். ஊரில் வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பேசிய இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இங்கே ஆறு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

"அக்கா, என் பேரை எழுதிருங்க. என்னாலதான இம்புட்டும்? சுகந்தி, நாகலெட்சுமி எல்லாம் கூட எழுதச் சொல்லிட்டாக. மெதுவாத் தட்டுறது நாங்கதான். மத்தவுக நல்லா இருக்கட்டும்."

"வாயை மூடுடி!" கோகிலா கத்திய கத்தலில் வெளியே கீபோர்டு சத்தம் நின்றது. "நீ என்ன களவா எடுத்த? உன் நாற்காலியில வந்து உக்காந்தவ எத்தனை பேரு? நான் உக்காரலையா?"

"அதுக்கில்லக்கா..."

"உன் நாற்காலியில யாரெல்லாம் உக்காந்தாகன்னு யோசிச்சுச் சொல்லு. ஒருத்தர் விடாமச் சொல்லு."

செவ்வந்தி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பானுப்பிரியா, நீங்க, வீரமணி அக்கா, தொண்டிக்காரப் பிள்ளை... பதினோராவது விரலுக்குக் கை போதாமல் திரும்ப முதல் விரலுக்கு வந்தவள், "நம்ம சாரும்தான், போன மார்ச்சுல" என்றாள்.

கோகிலா செல்போனை எடுத்தாள். போன மார்ச் கடைசியில் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. வேலை தேங்கியது. மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அவசரத்தில் பாண்டீஸ்வரனே செவ்வந்தியை எழுப்பிவிட்டு, பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் தட்டினான். தட்டியதோடு விட்டானா? பெருமை பிடித்த ஆள், செல்ஃபி எடுத்து டீம் வாட்ஸ்அப்பில் போட்டான். 'களத்தில் நானும்' என்று கீழே எழுதியும் இருந்தான். படத்தில் அவன் பல்வரிசைக்குப் பின்னால், திரையின் மூலையில் செவ்வந்தியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

கோகிலா பேனாவை எடுத்தாள். முதல் பெயர் பாண்டீஸ்வரன். இரண்டாவது கோகிலா. மூன்றிலிருந்து முப்பத்தைந்து வரை எழுதப் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து தன் பெயரைத் தானே எழுதிவிட்டுப் போனார்கள். பயந்த முகங்கள்தான். ஏர்வாடிப் பிள்ளை ஒருத்தி பாதிப் பெயரோடு நிறுத்தி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் எழுதினாள்.

பாண்டீஸ்வரன் டீ வாசனையோடு வந்து தாளை எடுத்தான். முதல் வரியிலேயே நின்றுவிட்டான்.

"என்ன கோகிலா இது, விளையாட்டா?"

"அஞ்சு பேரு கேட்டீக. நான் ஆளைக் குறைக்கல சார்." செல்போனை அவன் பக்கம் திருப்பினாள். "இந்தப் படத்தையும் சேர்த்து அமெரிக்காவுக்கு மெயில் அடிச்சு வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல."

"நான் அன்னைக்கு டீமுக்கு ஹெல்ப் பண்ணினேன்!"

"நாங்களும் அதைத்தான் பண்ணுனோம். நீங்க பண்ணுனா ஹெல்ப்பு, நாங்க பண்ணுனாக் குத்தமா? வேலையக் கொண்டுபோறீக, போங்க. எங்க இங்கிலீஷு பத்தல, சலுகை பத்தல, போங்க. போறப்ப எங்க மூஞ்சில கரியப் பூசிட்டுப் போக உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?"

"மெல்லப் பேசு. மதுரை சீட்டை யோசிச்சுப் பாரு..."

"அந்தச் சீட்டுல நீங்களே உக்காந்து செல்ஃபி எடுத்துக்கங்க."

வெளியே யாரோ சிரித்தார்கள். பாண்டீஸ்வரனுக்குக் காது சிவந்தது. மதுரைக்குப் போன் போட்டான். மண்டபத்தின் பின்கட்டில் மூன்று முறை நடந்து நடந்து பேசினான். கடைசியில், பழக்கம் நிர்வாகத்தின் கவனக்குறைவால் நடந்தது, திருத்தப்பட்டுவிட்டது என்று அமெரிக்காவுக்கு ஒரு பதில் போனது. நாலரை மணிக்குப் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. முப்பத்து நான்கு சான்றிதழ்களிலும் அவனே நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டான். திறமையானவர், நேர்மையானவர், நன்னடத்தை உள்ளவர். ஒவ்வொன்றையும் கோகிலா எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததை நீட்டினாள். முடிந்ததும் அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போனான்.

பெண்கள் வாசலில் கூடி நின்று ஒருத்தி தாளை ஒருத்தி வாங்கிப் பார்த்தார்கள். பானுப்பிரியா கோகிலாவைக் கட்டிப் பிடித்தாள். கோகிலாவுக்கும் நாள் முழுவதும் இறுகிக் கிடந்த தாடை கொஞ்சம் தளர்ந்தது.

செவ்வந்தி தன்னுடையதை இரண்டு தரம் படித்தாள். மடித்தால் கோடு விழுமே என்று துப்பட்டாவில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு கோகிலாவிடம் வந்தாள்.

"அக்கா, இதை இனி எங்கன கொண்டுபோய்க் காட்டணும்?"

குத்தலாகக் கேட்கவில்லை. இடம் தெரிந்தால் நாளைக் காலையிலேயே பஸ் ஏறிவிடலாம் என்றுதான் கேட்டாள். கோகிலாவுக்குத் தெரிந்து ராமநாதபுரத்திலும் இல்லை, பரமக்குடியிலும் இல்லை, இந்தத் தாளைப் படித்துப் பார்த்து ஒரு நாற்காலி போடுகிற வேறு கம்பெனி. பகலெல்லாம் தொண்டை கிழியச் சண்டை போட்டு வாங்கியது வெறும் தாள்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. காலையில் வந்ததைவிடப் பத்து மடங்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

கார் போன புழுதிகூட அடங்கியிருந்தது. திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை.