தெரியாத சாதனம்

என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். நாள் முழுக்கக் கேமராத் திரையைப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? வீட்டு வைஃபையை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று காட்ட ஒரு ஆப் இருப்பதாக யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

"ரொம்பச் சுலபமாம். ஒண்ணுமே தெரியாதவங்களுக்குன்னே செஞ்சிருக்காங்களாம்" என்றார். சரியான ஆளுக்குத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆப்பை அவர் போனில் இறக்கியது நான். என் மெயிலில் கணக்குத் தொடங்கியது நான். சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை மட்டும் ஐயா எடுத்துக்கொண்டார். மகளின் போன் 'மகள்'. என் போன் 'சமையலறை'. அவருடையது 'தலைவர்'.

மறுநாளே 'தெரியாத சாதனம்' என்று சிவப்பில் ஒன்று வந்தது. மனிதர் குதித்தார்.

"மாடி வீட்டுப் பல் டாக்டரம்மாதான்! ஊர்ப் பல்லைப் பிடுங்கறது பத்தாதுன்னு நம்ம வைஃபையையும் பிடுங்கறாங்க!"

நான் தடுப்பதற்குள் மாடியேறிப் போய், காத்திருந்த நோயாளிகள் முன்னாலேயே அந்த அம்மாவைத் திருடி என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு மானமே போயிற்று. அது எங்கள் வாஷிங் மெஷின் என்று சாயங்காலம் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றால் மட்டும் அவருக்கு முழங்கால் வலித்தது.

இதற்கிடையில் எனக்கு ஒரு நேர்காணல் வந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. மகள் பிறந்தபோது உத்தியோகத்தை விட்டவள் நான். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எங்கெங்கோ விண்ணப்பம் போட்டும் கூப்பிட்டது இவர்கள் மட்டும்தான். இதுவும் கைநழுவினால் அவ்வளவுதான். போனில் பேசக் கூடாது, லேப்டாப்பில்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் லேப்டாப்பில் கேமரா கெட்டிருந்ததால் அன்று காலை அக்காவின் லேப்டாப்பை வாங்கிவந்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். ஆள் இல்லை, தொல்லை இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். என்ன அறிவு எனக்கு!

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், கேள்வி கேட்ட அதிகாரியம்மா, "வீட்ல இருந்து வேலை பாக்கறதுக்கு இடைஞ்சல் எதுவும் இருக்காதே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம்" என்று தொடங்கினேன். திரை அப்படியே நின்றுவிட்டது.

போன் அடித்தது. "புடிச்சிட்டேன்!" கிடங்கிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார். "தெரியாத சாதனம் ஒண்ணு வீடியோவா இழுத்துட்டு இருந்துச்சு. ஒரே அமுக்கு, தடுத்துட்டேன். எப்படி?"

"பாவி மனுஷா, அது நான்! தடையை எடுங்க!"

ஆப்பைத் தடவித் தேடினார் போலிருக்கிறது. "எங்க எடுக்கறதுன்னு தெரியலையே. தடுக்கறதுதான் சுலபமா வெச்சிருக்காங்க."

நானே என் கணக்கில் புகுந்து எடுக்கலாமென்றால், கடவுச்சொல் அந்த நேரத்திலா ஞாபகம் வரும்? லேப்டாப்புக்குக் கொடுக்கப் போனில் டேட்டாவும் தீர்ந்திருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எந்த முகத்தோடு போகிறேன் என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

டாக்டரம்மா ஒருவர் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுக் குடையும் மெஷினை நிறுத்தினார். "நீங்க பேசி முடிங்க. இவர் வாயைத் திறந்துட்டேதான் இருப்பார்."

திரையில் அதிகாரியம்மா இன்னும் காத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். இடைஞ்சல் ஒண்ணு இருந்துச்சு. இனிமே இருக்காது" என்றேன்.

வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்று சாயங்காலம், ஞாபகம் வந்த கடவுச்சொல்லோடு ஆப்பைத் திறந்து ஒரே ஒரு அமுக்கு அமுக்கினேன்.

தலைவர் கூடத்தில் போனை உதறிக்கொண்டிருந்தார். "என்னன்னு பாரேன், நெட்டே வரல."

"நான்தான் தடுத்திருக்கேன். மாடிக்குப் போய் டாக்டரம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. ஆளுங்க உக்காந்திருக்கும்போதே கேக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். முழங்கால் நன்றாகவே மடங்கியது. திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"கேட்டாச்சு. இப்ப எடு."

ஆப்பை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தேன்.

"எங்க எடுக்கறதுன்னு தெரியலையேங்க" என்றேன். "தடுக்கறதுதான் சுலபமா வெச்சிருக்காங்க."