வெள்ளைப் பொட்டலம்

துக்கிரான் தன் கூண்டைக் கொண்டுவந்து வகினி வீட்டு ரம்புத்தான் மரத்தில் மாட்டியபோதே அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "வேணாம்ணே. அது அந்தக் காட்டுக் கரிச்சானோட கிளை. யாரையும் அண்டவிடமாட்டான்."

"முப்பது வருஷமா குருவி வளக்குறவன்கிட்டயே காது குத்துறியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரரான துக்கிரான்.

சோலோ நகரத்தின் அந்தச் சந்தில் ஆம்பிளை என்றிருந்தால் வாசலில் ஒரு கூண்டாவது தொங்கவேண்டும். துக்கிரான் வாசலில் ஒன்பது. அதில் ராஜா என்கிற குண்டுகரிச்சான் பாட்டுப் போட்டிகளில் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வந்தது. இறகு உதிர்த்த பிறகு வாயடைத்துப்போனது. பாட்டை மறந்த பறவையை நன்றாகப் பாடுகிற ஒன்றின் அருகே தொங்கவிட்டால் கேட்டுத் தேறிவிடும் என்பது அங்கே எல்லாரும் செய்கிற வைத்தியம். வகினி தோட்டத்திலோ ஒரு காட்டுக் குண்டுகரிச்சான் விடிந்ததும் விடியாததுமாகச் சந்தே கேட்கப் பாடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. மனிதர் அவசரப்பட்டு ராஜாவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

காட்டுக்காரன் வந்தான், வாலை நிமிர்த்தினான், கூண்டின் தலைமேலேயே உட்கார்ந்து பாடித் தீர்த்தான். ராஜா பாம்பு படமெடுப்பதுபோல் உடம்பை உப்பிக்கொண்டு, பாட்டே எழாமல் பயந்து கூண்டின் தரைக்கு இறங்கிவிட்டது. சந்து முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. துக்கிரானின் மானம் கப்பலேறியது.

மறுநாள் காலையில் பலாப்பால் பசை தடவிய மூங்கில் குச்சியோடு வந்து நின்றார். "அவனைப் பிடிச்சு என் கூண்டுல போட்டாத்தான் எனக்கு ஆறும்."

வகினிக்குப் பகீரென்றது. ஈரக்கையோடு வெளியே வந்தாள். "அவனுக்கு அந்தப் பட்ட தென்னைப் பொந்துல குஞ்சு இருக்கு. அவனைப் பிடிச்சா அதுங்க கதி என்ன?"

"ஏறிப் பாத்தியா?"

"ஜன்னல்லருந்து பாக்குறேன். பதினோரு வருஷமா."

"சட்டை தேய்க்கிறவ சொல்ற குஞ்சு" என்று சிரித்தார்.

அது சுருக்கென்று தைத்தது. ஊரார் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டே அவள் கண் எதையெல்லாம் பார்த்திருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வகினி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காருங்க. இப்ப அவன் கொடிக்கம்பத்துல பாடுவான். அப்புறம் குழாயடிக்கு இறங்குவான். அவனோட ஜோடி, சாம்பல் நிறமா இருப்பா, புழுவோட பொந்துக்குள்ள போவா. வரும்போது வாயில வெள்ளைப் பொட்டலம் இருக்கும், குஞ்சோட எச்சம். பக்கத்துல போட்டா பாம்பு மோப்பம் பிடிச்சிரும்னு தூரமா கொண்டுபோய்ப் போடுவா. இதுல ஒண்ணு தப்பினாலும் உங்க குச்சியை நானே மரத்துல சொருகுறேன். தப்பலைன்னா அதைக் கீழ போடணும்."

கம்பத்தில் பாடினான். குழாயடிக்கு இறங்கினான். துக்கிரான் மோவாயைச் சொறிந்துகொண்டார். சாம்பல்காரி புழுவோடு பொந்தில் நுழைந்தாள். வகினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தாள். வெறும் வாய்.

துக்கிரான் குச்சியோடு எழுந்தார்.

"இருங்க, குஞ்சு இன்னும் பொட்டலத்தைக் குடுக்கல" என்றாள் வகினி.

சாம்பல்காரி பொந்தின் விளிம்பிலேயே திரும்பித் தலையை உள்ளே விட்டாள். எடுத்தபோது அலகில் சுண்ணாம்பு உருண்டைபோல் ஒன்று வெள்ளையாக இருந்தது. அதோடு அவர்கள் தலைக்கு மேலே பறந்து, மதிலைத் தாண்டி, துக்கிரான் வீட்டு வாசலில் ராஜாவின் கூண்டைப் போர்த்தியிருந்த துணிமேல் போட்டுவிட்டுப் போனாள்.

துக்கிரான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். "பத்து நாளா புறாவைத் திட்டித் திட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"தெரியும். தினமும் பாத்தேன்."

வகினிக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. நிமிர்ந்து நடந்து உள்ளே போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தாள். குச்சி மண்ணில் கிடந்தது. பசையில் புழுதி ஒட்டத் தொடங்கியிருந்தது. துக்கிரான் மறுபடியும் வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்து எப்ப வருவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு சட்டை தேய்க்கிற நேரம்."

சட்டையின் கைகளைத் தேய்த்தாள், முதுகைத் தேய்த்தாள், திருப்பிப் போட்டாள். காலரை மடித்து அழுத்தவும், ஒரு சாம்பல் சிறகு ஜன்னலைக் கடக்கவும் சரியாக இருந்தது.