வால்பூர்காவின் கறுப்புப் பியர்

மடியில் போத்தல் குளிர்கிறது, சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு, கோட்டுக்கு மேல் துவாயில் சுற்றிய போத்தல், அப்படியிருந்தும் தொடை விறைக்கிறது, பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் உள்ளே கறுப்பாய் ஒன்று புரண்டு படுக்கிறது, வெள்ளைப் பீங்கான் மூடியும் கம்பியும் அதன் வாயை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, முன் இருக்கையில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார், சிரியும், நல்லாய்ச் சிரியும், கறுத்தக் கிழவி ஒருத்தி கைப்பிள்ளையை வைத்திருக்கிற மாதிரிப் பியர்ப் போத்தலை வைத்துக்கொண்டு போகிறாள், சிரிக்காமல் என்ன செய்வீர் என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொள்கிறேன். வெளியே மழையும் இல்லை வெயிலும் இல்லை, நவம்பர், உழுதுபோட்ட சேறு, ஹொப்ஸ் கொடி ஏறுகிற நெட்டைக் கம்பங்கள் மொட்டையாய் நிற்கின்றன, அந்தக் கொடியின் பூவைத்தான் கசப்புக்காகப் பியரில் போடுவார்கள் என்று அவர் ஒருமுறை சொல்லத் தொடங்கினார், உந்தக் கதை எனக்கென்னத்துக்கு என்று நான் குசினிக்குள் போய்விட்டேன், பின்னால் வந்தாரா, அல்லது அங்கேயே நின்று சுவருக்குச் சொல்லி முடித்தாரா, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, மறதி அவருக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது.

அவர் என்றால் என் புருசன், பரமநாதன், பட்டணத்துப் பராமரிப்பு இல்லத்தில் ஜன்னலோரக் கதிரையில் இருக்கிறார், அவரிடம்தான் போய்க்கொண்டிருக்கிறேன், அவருக்கு என்னைத் தெரியாது. வீட்டுத் திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடுவதில்தான் தொடங்கியது, பிறகு மகள் நிரூஜாவை யாரென்று கேட்டார், பிறகு தமிழே போய்விட்டது, அதோடு நானும் போய்விட்டேன், இந்த வசந்த காலத்திலிருந்து என்னைக் கண்டவுடன் முகமெல்லாம் மலர்ந்து, வா வால்பூர்கா, ஒரு கறுப்புக் கொண்டுவா, என்று ஜெர்மன் பாஷையில், அதிலும் இந்தப் பக்கத்து நாட்டுப்புறத்தார் பேசுகிற ஜெர்மனில் கேட்கிறார், என்னைப் பார்த்து அப்படி மலர்ந்த முகத்தை நான் கலியாண வீட்டில்கூடக் கண்டதில்லை, முதல்முறை கேட்டபோது நெஞ்சு பற்றி எரிந்தது, யாரடி அந்த வால்பூர்கா, என் கதிரையில் வந்து குந்தியிருக்கிறவள் யார், என்று பஸ் தரிப்பில் நின்று வாய்விட்டு அழுதேன். அங்கே வருகிற டொக்டர் சொன்னார், பழைய ருசியும் மணமும் சிலவேளை ஆளைத் திருப்பிக் கூட்டிவரும், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள் என்று, நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு தரம் அவர் என்னை நான் என்று பார்க்கட்டும், அதற்குப் பிறகு எதை மறந்தாலும் மறக்கட்டும், அவ்வளவுதான் நான் கேட்டது, அது பெரிய கேள்வியா, தெரியவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம், வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லை தாண்டக்கூடாது, தாண்டினால் பொலிஸ், முகாம் அறையில் இரண்டு கட்டில், ஒரு மின்னடுப்பு, நான் நாள் முழுதும் கம்பளி நூல் பின்னுகிறேன், அவர் தேவாலயத்தில் கொடுத்த பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளிக்கிட்டுவிடுவார், பொழுதுபட முகம் சிவந்து, சப்பாத்தில் சேறோடு வந்து நிற்கிறார், இஞ்சரும், இண்டைக்குப் போன ஊர் எங்கட ஒழுங்கையளவுதான் இருக்கும், ஆனா தங்களுக்கெண்டு தாங்களே பியர் காய்ச்சினம், பக்கத்து ஊரான் காய்ச்சிறதைத் தொட்டும் பாக்கமாட்டினம், என்கிறார். ஊரை விட்டு ஓடி வந்தது தவறணை தவறணையா ஏறி இறங்கவோ, என்கிறேன். அது தவறணை இல்லையப்பா, ஊருக்கொரு கோயில் இருக்கிற மாதிரி எண்டு வையுமன், என்கிறார். வாயைக் கழுவுங்கோ முதலில, என்கிறேன். அவர் உண்மையாகவே போய் வாயைக் கழுவிவிட்டு வந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார், அந்தச் சிரிப்பை இப்போது எங்கே தேடுவேன். எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் பார்த்து முடித்தார், எல்லையாக ஒரு சின்ன ஆறு, அதற்கு அங்கால் ஒரு ஊர், அங்கே புகைபோக்கி புகைக்கிறது என்று ஆற்றங்கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார், கடைசியில் எங்களுக்குக் காகிதம் கிடைத்தது, இனி எங்கும் போகலாம், பாரிசில் என் அண்ணன், நாட்டை விட்ட பிறகு முகம் காணாத அண்ணன், அந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படுவோம் என்று நான் பெட்டி அடுக்கி வைத்திருக்கிறேன், இந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா, சைக்கிளை எடுத்து ஆற்றைத் தாண்டிப் பியர் குடிக்கப் போனார். இருட்டுகிற நேரம் யாரோ உழவு மெசினில் ஆளையும் சைக்கிளையும் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள், நான் ஜன்னலால் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன், அடுத்த மாதமே அண்ணனைப் போய்ப் பார்த்தோம் என்பது உண்மைதான், ஆனாலும் அந்தக் கோபத்தை நான் விடவில்லை, அது எந்த ஊர் என்றுகூட ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இந்த அலைச்சல் இல்லை, அவர் கேட்கிற கறுப்பு அந்த ஆற்றுக்கு அங்கால்தான் எங்கேயோ இருக்கவேண்டும். ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது, அதற்கு அங்கால் திரும்பின பக்கமெல்லாம் ஊர், ஊருக்கு ஊர் ஒரு பியர் காய்ச்சுகிற வீடு, சனிக்கிழமைக்கு ஒன்றாக நான் பஸ் ஏறி இறங்குகிறேன், அம்மா உங்களுக்கென்ன விசரோ, இந்த வயசில பியர்க்கடை வழிய திரியிறியளாம் எண்டு இஞ்ச லண்டன் வரைக்கும் கதை வந்திட்டுது, என்று நிரூஜா போனில் கத்துகிறாள், ஓம் பிள்ளை விசர்தான், உன்ர கொப்பரிட்டப் பிடிச்சது, என்கிறேன். முதல் கடையில் வாசலிலேயே நின்றேன், உள்ளே ஆம்பிளைகள் நீள மேசையில் நெருக்கி இருக்கிறார்கள், ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், இங்கே புதிதாய் வருகிறவர் மேசையில் விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லாருக்கும் வணக்கம் சொன்ன மாதிரி, நானும் தட்டினேன், எல்லாரும் திருப்பித் தட்டினார்கள், சும்மா இருக்க வெட்கமாய் இருந்து பியர் ஒன்று கேட்டேன், பாகற்காய் அவித்த தண்ணீர் மாதிரி இருந்தது, தூ என்று துப்பவும் முடியவில்லை. ஆனால் அடுத்த ஊரில் அது சுட்ட பாணின் கருகின கரை மாதிரி இருந்தது, அதற்கடுத்த ஊரில் மண்பானைத் தண்ணீரைப் போலக் கலங்கலாய், மெல்லியதாய், இன்னொரு ஊரில் வாயில் வைத்ததும் புகை, அடுப்புக்கு மேல் தொங்கவிட்ட கருவாட்டின் புகை, அதைக் குடித்துவிட்டு அந்நியர் மேசையில் இருந்து நான் அழுதேன், இது எல்லாவற்றையும் இந்த மனுசன் எனக்கு எத்தனை தரம் சொல்ல வந்தார், ஒருநாளாவது நீரும் வாருமன் என்று கூப்பிட்டாரா, கூப்பிட்டிருப்பார், நான்தான் பின்னிக்கொண்டிருந்திருப்பேன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு போத்தல் வாங்கிக் கொண்டுபோய் அவருக்கு வார்த்துக் கொடுக்கிறேன், தாதிமார் ஒன்றும் சொல்வதில்லை, இங்கே பியர் என்றால் சாப்பாட்டோடு சேர்ந்தது, அவர் ஒரு மிடறு வாயில் வைத்து நாக்கால் துழாவிவிட்டு, இல்லை வால்பூர்கா, இன்றைக்கு உன் கை தப்பிவிட்டது, என்று குவளையைத் தள்ளி வைப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைக் கழுவுவேன்.

இன்று காலை இறங்கின ஊரில் கதவைத் தள்ளினால் ஒரே ஆவி, அவித்த தானியத்தின் வாசம், ரப்பர் சப்பாத்துப் போட்ட பெரிய உடம்புக்காரி ஒருத்தி அண்டாவைக் கழுவிக்கொண்டு நின்றாள், என்னிலும் பத்து வயது மூத்தவள், என்னைக் கண்டதும் குழாயை நிறுத்தினாள், நீங்கள் ஹெர் பாராமின் மனைவியா, என்று கேட்டாள், பரமநாதன் இவள் வாயில் ஹெர் பாராம் ஆகியிருக்கிறார், நீதான் வால்பூர்காவா, என்றேன், ஆம் என்றாள். எவ்வளவு நாளாய் மனதில் ஒத்திகை பார்த்த சண்டை, ஜெர்மன் பாஷையில் ஒரு சொல்லும் வரவில்லை, என் புருசனுக்கும் உனக்கும் என்ன, என்று மட்டும் கேட்டேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள், ஒரு மர வாங்கில் என்னை இருத்தித் தானும் இருந்தாள். முதல்நாள் வந்தபோது அவர் ஒரு குவளை குடித்து முடித்து அதைச் சரித்துப் படுக்கவைத்தார், நான் இன்னொன்று கொண்டுவந்து வைத்தேன், அதையும் குடித்துவிட்டுச் சரித்தார், நான் திரும்பவும் கொண்டுவந்தேன், என்று சொன்னாள், எனக்கு விளங்கிவிட்டது, நாங்கள் பந்தியில் சாப்பிட்டு முடித்தால் இலையை மடிப்போம், போதும் என்று சொல்ல, இவர் குவளையைச் சரித்திருக்கிறார், இவர்கள் ஊரிலோ குவளையைச் சரித்தால் இன்னும் ஒன்று தா என்று அர்த்தமாம், கொண்டுவந்து வைத்ததை மிச்சம் விட்டால் அந்த வீட்டுக்கு மரியாதையில்லை என்று இந்த மனுசன் எல்லாவற்றையும் குடித்திருக்கிறார், பிறகு எழும்ப முடியாமல் போக அவள்தான் உழவு மெசினில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள், கதவு சாத்தின சத்தத்தை நானும் கேட்டேன், என்றாள் வால்பூர்கா. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வருவார், ஒன்றே ஒன்று குடிப்பார், கதைக்கமாட்டார், அப்போது என் புருசன் உயிரோடு, அவரும் கதைக்காத ஆள், இருவரும் எதிரெதிரே இருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இப்போது ஏன் வருவதில்லை, என்றாள். சொன்னேன். என்னையும் மறந்துவிட்டாரா, என்று கேட்டாள். இல்லை, உன்னைத்தான் ஞாபகம் இருக்கிறது, என்றேன். அவள் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, நிலவறைக்குள் இறங்கிப் போய் வெகுநேரம் கழித்து இந்தப் போத்தலோடு வந்தாள், நிரம்பக் குளிராய்க் கொடுக்கக்கூடாது, மடியில் வைத்துக்கொண்டு போ, போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும், என்றாள். அவளை வெறுக்கலாம் என்றுதான் போனேன், அதுவும் முடியவில்லை.

இல்லத்தில் பின்னேரத் தேநீர் முடிந்துவிட்டது, கூடத்தில் யாரோ தூங்கிக்கொண்டே முனகுகிறார்கள், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வா வால்பூர்கா என்கிறார், கம்பியைத் தட்டியதும் டப்பென்று திறக்கிறது, கறுப்பாய், மேலே பழுப்பு நுரையாய், மெல்லமாய் வார்க்கிறேன், பிள்ளையாரே, இந்த ஒரு தரம், இந்த ஒரே ஒரு தரம். அவர் குடித்தார். நாக்கால் துழாவவில்லை, குவளையைத் தள்ளவில்லை, இன்னும் ஒரு மிடறு குடித்தார், மீசையில் நுரை, கண்ணை மூடினார், மூடின கண் கலங்கியது, பிறகு திறந்து நேரே என்னைப் பார்த்தார், மாதக்கணக்காய் இல்லாத பார்வை, ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பார்க்கிற பார்வை, அவர் வாயைத் திறந்தார், தமிழ் வந்தது, வசந்த காலத்திலிருந்து போயிருந்த தமிழ், எங்கள் ஊர்த் தமிழ்.

தங்கச்சி, என்றார் என்னை, குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, நான் வெளிக்கிட வேணும், வீட்டில அவ தனிய, பாஷையும் தெரியாது, நான் போகாட்டிச் சாப்பிடாமல் பாத்துக்கொண்டிருப்பா. சொல்லிக்கொண்டே கதிரையின் கையைப் பிடித்து எழும்பிவிட்டார், கால் தள்ளாடுகிறது, கண் வாசலைத் தேடுகிறது. நானா, நான் ஒருநாளும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோபத்தில் மத்தியானமே சோற்றைத் தின்றுவிட்டுப் போர்த்துக்கொண்டு படுப்பேன், அதை இவருக்கு எப்படிச் சொல்வது, நான்தான் அவ, என்னைப் பாருங்கோ, இஞ்சேருங்கோ, என்று தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது, நாக்கின் நுனிவரைக்கும் வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்தேன், அவ்வளவு அவசரம், அவ்வளவு பயம், அவ பசியோட இருக்கிறாவே என்ற பயம்.

அவ சாப்பிட்டிட்டா அண்ணை, என்றேன், நான் பாத்திட்டுத்தான் வாறன், வயிறாரச் சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கிறா, நீங்கள் ஆறுதலா இருந்து குடியுங்கோ. உண்மையாவோ தங்கச்சி, என்று கேட்டார். ஓம் அண்ணை. அவர் மெல்ல மெல்லக் கதிரையில் இருந்தார், குவளையை இரண்டு கையாலும் எடுத்தார், பக்கத்துக் கதிரையைக் காட்டி, நிக்கிறியள், இருங்கோவன், என்றார், நான் கோட்டைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.