மூன்று உத்தரணித் தீர்த்தம்

பஸ்ஸில் வேதவதிக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. மடியில் கோணி சுற்றிய தொட்டி, தொட்டிக்குள் பூசணிக்காய் அளவில் உருண்டையாக ஒரு கள்ளி, உடம்பெல்லாம் மஞ்சள் முள். யார் பக்கத்தில் உட்காருவார்கள்? மடிசார் மாமி ஒருத்தி கள்ளியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டினால் ஜனங்கள் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினாறு வருஷம் அந்தச் செடியைக் கரித்துக்கொட்டியவளும் இவள்தான். கணவர் ஸ்ரீனிவாசராகவன் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. சுதந்திரம் வந்த வருஷம் காலிம்பாங்கிலிருந்து தபாலில் தருவித்தபோது அது எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. முள்ளுச் செடி வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்பார்கள். வந்தது, எல்லாச் சண்டையும் அந்தச் செடியைப் பற்றித்தான் வந்தது. “ஊரெல்லாம் மல்லியும் ரோஜாவும் வைக்கிறா, நம்மாத்துல மட்டும் முள்ளுப்பூசணி” என்று தலையில் அடித்துக்கொள்வாள். “நீ அதுகிட்டப் போகாதே, குத்தும்” என்பார் அவர். அதோடு சரி. குழந்தை இல்லாத வீட்டில் சண்டைக்காவது ஒன்று இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலையில் கிணற்றடியில் விழுந்தார். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதில்தான் கஞ்சி. “வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாதும்மா. அவர் தொண்டை வேலை செய்யலை. நேரா நெஞ்சுக்குள்ள இறங்கிடும்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். வேதவதியும் கண்ணும் கருத்துமாக இருந்தாள். யார் என்ன சொல்லியும் ஒரு வாய் காபி கொடுத்தவளில்லை.

அவர் படுத்த பிறகுதான் அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தாள். வாடிய மாதிரி தோன்றியது. அன்றைக்கு மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்: இது நன்றாக இருந்தால் அவரும் எழுந்து உட்காருவார். தினமும் குளித்துவிட்டுத் துளசி மாடத்துக்குத் தண்ணீர் வார்த்து, வலம் வந்து, அதே கையோடு முள்ளுப்பூசணிக்கும் ஒரு சொம்பு வார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, செடி உப்பிப் பளபளவென்று ஆயிற்று. தை பிறந்ததும் செடிக் கண்காட்சி நோட்டீஸ் தபாலில் வந்தது. அவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டினாள். அவருடைய இடது கை மெதுவாக எழும்பிக் கொல்லைப்புறத்தைக் காட்டியது. அவ்வளவு போதாதா? பரிசு அட்டையோடு வந்து அந்தக் கையில் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்று நாளாக அவருக்குக் காய்ச்சல். நெஞ்சில் கொரகொரவென்று சத்தம். நேற்று டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “வாயில ஏதாவது குடுத்தீங்களா?” என்று கேட்டார். “ஒண்ணுமே குடுக்கலையே” என்றாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

இன்று காலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்ததால்தான் கிளம்பினாள். அவருடைய தங்கை சத்யபாமா, கணவனை இழந்து இவர்களோடு இருப்பவள், கூட இருந்தாள். “பாமா, நான் வர நாழியாகும். நீயே கோயிலுக்குப் போய்ப் பெருமாள் தீர்த்தம் வாங்கிண்டு வந்து அண்ணாவுக்குக் குடுத்துடு. மூணு உத்தரணி, மறந்துடாதே” என்று அந்தச் சின்னக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கண்காட்சி கன்டோன்மெண்டில் ஒரு மைதானத்தில். கூட்டமான கூட்டம்! பெங்களூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் லாரியில் செடிகள் வந்திருந்தன. கூழாங்கல் போலவே கிடந்து நடுவில் பூ விட்ட செடி, உடம்பெல்லாம் நரைமுடி வளர்ந்த கிழட்டுக் கள்ளி, மரக்கட்டையில் வேரைத் தொங்கவிட்ட ஆர்க்கிட். ஜனங்கள் ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று வாயைப் பிளந்தார்கள். வேதவதிக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. நம்முடையதைவிடப் பெரிய உருண்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சகாயநாதன் ஓடி வந்தார். காலேஜில் தாவர வாத்தியார், கண்காட்சி நடத்துகிறவர், கணவருடைய பழைய செடிச் சிநேகிதர். “வாங்கம்மா, வாங்க! சார் எப்படி இருக்காங்க? ஸ்ரீரங்கத்துக் குண்டு வராம கண்காட்சி நடக்குமா?” என்று தொட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தார். கோணியைப் பிரித்தவருடைய கை நின்றது. தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செடியின் அடியில், முள்ளுக்கு நடுவில், கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார்.

விரல் உள்ளே போய்விட்டது.

பழுப்பாக ஒரு நீர் வழிந்து மேஜை விரிப்பை நனைத்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“யாரும்மா இதுக்குத் தண்ணி ஊத்தினது?”

“நான்தான். தினமும் ஒரு சொம்பு. துளசிக்கு விட்ட கையோட...”

“தினமுமா!” சகாயநாதன் கண்ணை மூடித் திறந்தார். “இதுக்குத் தாகமே கிடையாதும்மா. பனிக்காலத்துல சார் ஒரு சொட்டுக்கூட விட மாட்டாங்க. நீங்க ஊத்தினதை அதால குடிக்க முடியாது, வேண்டாம்னு சொல்லவும் முடியாது. வாயில்லாத ஜீவன். வெளிய பளபளன்னுதான் இருக்கும், உள்ள அழுகிட்டே வரும்.”

“நல்லதுன்னு நெனச்சுதானே விட்டேன்” என்றாள் வேதவதி. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷ உழைப்பு, மூன்றே மாசத்தில் தன் கையாலேயே. அந்த இடது கையில் எதைக் கொண்டுபோய் வைப்பது?

“அது எனக்குத் தெரியாதாம்மா? சார்கிட்ட நானே வந்து பக்குவமா சொல்றேன்” என்றார் அவர்.

வேண்டாம்னு சொல்ல முடியாது. அந்த வார்த்தை அவளை விடவில்லை. தினமும் காலையில் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் மூன்று உத்தரணித் தீர்த்தம் விடுவாளே, அப்போது அவர் கண்ணில் ஜலம் தளும்பும். பெருமாளை நினைத்து உருகுகிறார் என்று இவளும் சேர்ந்து அழுவாள். அவருடைய இடது கை இவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கும். பாசம் என்று நினைத்தாள். நெஞ்சில் கொரகொரவென்று அந்தச் சத்தம். ‘வாயில ஏதாவது குடுத்தீங்களா?’

தீர்த்தத்தைத் தண்ணீர் என்று யார் நினைப்பார்கள்? பிறந்ததிலிருந்து கை குவித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளுக்கு அது எப்படித் தோன்றும்?

இன்றைக்கு அதைப் பாமா விடப் போகிறாள். “மணி என்ன?” என்றாள்.

“பத்தாகப் போகுது. ஏம்மா, உட்காருங்க, சோடா...”

அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். ஒரு குதிரை வண்டியைப் பிடித்துச் சத்திரம் பஸ் நிலையத்துக்கு வந்தாள். பஸ்ஸில் டிரைவர் இருந்தார், கண்டக்டரைக் காணோம். டீ குடிக்கப் போயிருந்தார். “கிளம்புங்கோ, புண்ணியமாப் போறது” என்று கெஞ்சினாள். பாலத்தில் வைக்கோல் வண்டிகள் இரண்டு முன்னால் ஆடி அசைந்து போயின. பெருமாளே, இன்றைக்குக் கோயிலில் கூட்டம் தாங்காமல் இருக்கட்டும், பாமா கடைசியில் நிற்கட்டும், அவளுக்குத் தீர்த்தம் கிடைக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதலை அந்த ஊரில் எவளாவது வேண்டியிருப்பாளா? கோபுரம் கண்ணில் பட்டதும் பழக்கத்தில் கை குவிந்தது. குவிந்த கையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள்.

தெரு திரும்பும்போதே வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பது தெரிந்தது. அவளைக் கண்டதும் வழி விட்டார்கள்.

கூடத்தில் அவரைக் கீழே இறக்கிப் போட்டிருந்தார்கள். சத்யபாமா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “மன்னி, போயிட்டாரே! ஆனா என்ன பாக்கியம் பாரு. இன்னிக்குக் கோயில்ல கூட்டமே இல்லை, போன உடனே தீர்த்தம் கெடச்சுது. மூணு உத்தரணியும் முழுசா உள்ள போச்சு. கண்ணால ஜலமா விட்டார். என் கையைக் கெட்டியாப் பிடிச்சிண்டார். அப்படியே அடங்கிட்டார். யாருக்குக் கெடைக்கும் இந்த கதி?”

“பரமபதம்தான், சந்தேகமே இல்லை” என்றாள் எதிர்வீட்டு மாமி. இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

வேதவதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயோரத்தில் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது. அதை எடுத்தாள். சத்யபாமா வட்டிலில் மிச்சமிருந்த தீர்த்தத்தையும் உத்தரணியையும் அவளிடம் நீட்டினாள். “நீயும் உன் கையால ஒண்ணு விடு மன்னி. உனக்காகத்தான் மீதி வெச்சேன்.”

கை நீளவில்லை.

“நான் நெறையக் குடுத்தாச்சு பாமா” என்றாள்.

துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள் என்று சத்யபாமா நினைத்துக்கொண்டாள். அண்ணாவின் உதட்டைப் பிரித்து, மிச்சத்தை அவளே விட்டாள்.