வரிசையில் நிற்க வேண்டாம்

...அதுவும் கொசுவைக் கேட்கிறார், கொசு கடிச்சா வருமா மேடம் என்று, டை கட்டிய மனிதர், அவர் ஆபீஸில் ஒரு மணி நேரம் நான் தொண்டை வறள எச்.ஐ.வி. பற்றிப் பேசி முடித்ததும் முதல் கேள்வி அதுதான், பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆலோசகர் வேலை, கொசு என்னை விட்டபாடில்லை... வராது சார், தொட்டா வராது, தும்மினா வராது, ஒரே தட்டில சாப்பிட்டா வராது, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு நேராக இந்த பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன். என் வீட்டில் மட்டும் என்ன வாழுதாம், வீட்டுக்காரர் தினமும் வாசலிலேயே கேட்பார், கை கழுவிட்டியா என்று, கிண்டலாகத்தான் கேட்கிறார்... கிண்டல்தானா? சரி, அது கிடக்கட்டும். எதிரே சலவைக் கம்பெனி, ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வண்டியிலிருந்து இறக்குகிறார்கள், ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம், அப்போது வாயாடி வெளியே வரவேண்டும், வராவிட்டால் என்ன செய்வது? நாற்பது நாளாக மாத்திரை வாங்க வரவில்லை. போனை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி, அவள் வந்தால் என் அறை சிரித்துக்கொண்டிருக்கும், இஸ்திரி போடும்போது மேஸ்திரி சொல்வதை அப்படியே நடித்துக் காட்டுவாள், அவளா இப்படி வாயை மூடிக்கொண்டாள்?

கோபம்தான் வருகிறது, அவள் மேல்தான், வேறு யார் மேல். ஒன்றரை வருஷமாக ரத்தத்தில் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பெரிய டாக்டரே அவளுக்குக் கைகொடுத்தார், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதானே, பல் தேய்ப்பது மாதிரி, அதைக்கூடச் செய்ய முடியாதா, ஆறு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு, அப்பனும் இல்லாத பெண், இவளும் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்... மருந்தாளுநர் சொன்னார், வராதவங்க பின்னாடி எத்தனை பேருக்கு ஓடுவீங்க மேடம் என்று. ஓடத்தான் வேண்டும். டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் மாத்திரையை எடுத்து வந்தேன், இன்று இரவே ஆரம்பிக்கட்டும், வியாழக்கிழமை ரத்தம் எடுக்கலாம் என்றார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன், யாராவது படித்துவிட்டால் அவளுக்குத்தானே கெட்ட பெயர். இதிலெல்லாம் நான் ரொம்ப உஷார்.

மணி அடித்தது. வந்தாள், என்னைப் பார்த்ததும் கால் தயங்கியது, பக்கத்தில் வந்தவளிடம் எல்.ஐ.சி. அக்கா, பணம் கட்டச் சொல்லி உயிரை எடுக்கிறாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ. ஏம்மா இப்படிப் பண்ணினே என்றுதான் கேட்க முடிந்தது. அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாத்திரை மேல எனக்கென்னக்கா கோவம். கடைசியா மாத்திரை வாங்க வந்த அன்னிக்கு, ஒரே வீட்டுல இருக்கற என் ஓரகத்தி பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா. மூணாம் ஜன்னல்ல நிக்கறேன், கையில அந்தப் பச்சை அட்டை. அது எந்த அட்டைன்னு கூட்டறவங்கள்ல இருந்து கேன்டீன்காரர் வரைக்கும் தெரியும்க்கா. சாயங்காலமே எனக்குத் தனித் தட்டு, தனிச் சோப்பு. என் பொண்ணைக்கூட அவ பிள்ளைங்க பக்கத்துல படுக்க விடல."

பச்சை அட்டை. எங்கள் நோயாளிகளுக்கு மட்டும், வரிசையில் நிற்க வேண்டாம், இதைக் காட்டினால் நேராக மூன்றாம் ஜன்னல், இரண்டு நிமிஷத்தில் மருந்து... பாவம், வேலைக்குப் போகிறவர்கள், அரை நாள் கூலி போகிறதே, நின்று நின்று கால் வீங்குகிறதே என்று ராத்திரியெல்லாம் யோசித்தது யார்? நான்தான். நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் கைதட்டினார்கள், வீட்டுக்காரரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். என் அறையில் கதவு சாத்தியிருக்கும், ஜன்னல் பக்கம் நான் போனதே இல்லை, அங்கே அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்... தெரிந்திருக்க வேண்டாமா? எத்தனை பேர் வராமல் நின்றுபோனார்கள், அத்தனை பேரையும் அலட்சியம், பொறுப்பில்லை என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேனே.

"யார் யோசிச்சாங்களோ," என்றாள் அவள், "ஒரு நாள் அதைப் பிடிச்சுக்கிட்டு அங்க நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்." நான் வாயைத் திறந்தேன், திறந்துவிட்டு, "மேல இருக்கறவங்க கொண்டு வந்ததும்மா" என்றேன். அத்தனை சுலபமாக வந்தது. அவள் நம்பிவிட்டாள், "உங்களுக்கு மட்டும் என்ன தெரியும், பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். இனி ஜன்னலுக்கு வரவேண்டாம், என் அறையிலேயே மாத்திரை தருகிறேன் என்றேன், வியாழக்கிழமை வருவதாகச் சொன்னாள், டப்பாவை வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள், சாப்பிட இனி பத்து நிமிஷம்கூட இருக்காது.

பஸ் வந்தது, ஏறவில்லை. வியாழக்கிழமை சொல்லிவிட வேண்டும், என் யோசனைதாம்மா அது என்று. ஆனால் சொல்லிவிட்டால்? ஓரகத்தி முன்னால் தனித் தட்டோடு அவளை நிறுத்தியது நான் என்று தெரிந்த பிறகு என்னிடம் மாத்திரை வாங்க வருவாளா... சொல்லிட்டா விட்டுட்டுப் போயிட மாட்டாங்களா மேடம் என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், புருஷனிடம் சொல்ல, பெண்டாட்டியிடம் சொல்ல, அம்மாவிடம் சொல்ல. அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவேன். என்ன சொல்வேன் அவர்களுக்கு? ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.