எல்டன் டால்கிரென் எழுந்து நிற்பாரா?

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை, பெயர் திருடப் போன இடத்தில் கிடைத்தது.

வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் டிராக்டர் விற்கிற ஒருவனுக்கு நம்பும்படியான குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. எங்கள் மாநிலத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் இணையத்தில் வாழ்க்கைக் குறிப்பு உண்டு. (மாநிலத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கே எடுத்ததற்கெல்லாம் வழக்குப் போடுவார்கள். சோளம் விளையும், பனி கொட்டும், அது போதும்.) அந்தப் பட்டியலில் ஒரே இடத்தில் நான்கு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள்: டால்பெர்க், டால்கிரென், டால்மன், டால்ஸ்டெட். நான்கு பேரின் தாத்தாக்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சுவீடனிலிருந்து கப்பலேறியவர்கள். நான்கு பேரும் லூத்தரன் சபை. ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் மூன்று வரியில் முடித்துவிடுகிற அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

ரஸ்ஸல் டால்பெர்க். பேக்கரி உரிமையாளர். ஜனநாயகக் கட்சி. மூன்று தவணை உறுப்பினர். லூத்தரன். மணமானவர். வீட்டு அடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்.

எல்டன் டால்கிரென். விவசாயி. குடியரசுக் கட்சி. ஒரு தவணை. லூத்தரன். மணமானவர்.

படித்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் நான் இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது. வீட்டு அடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது எல்டன் என்பது இங்கே நாய் பூனைக்குக்கூடத் தெரியும். எல்டனே சொல்லியிருப்பார்.*

* டால்மனையும் டால்ஸ்டெட்டையும் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். டால்மன் நல்ல மனிதர், அதனால் கதைக்கு உதவவில்லை. டால்ஸ்டெட்டின் பேரன் வக்கீல்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "மாநிலத் தலைநகரின் குவிமாடத்தின் மேல் காலை வெயில் தங்கமாய்…"

வேண்டாம். அந்தக் குவிமாடத்துக்கு ஏற்கெனவே தங்கம் பூசியிருக்கிறார்கள். வெயில் வேறு எதற்கு?

இரண்டாம் முயற்சி: "எல்டன் அடக்கமான மனிதர்…"

பொய். எல்டன் ஒரே ஒரு சட்டம் கொண்டுவந்தவர், ஆனால் அதைப் பற்றி நூறு சட்டத்துக்குப் பேசுவார். விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் உரிமம் பெற்ற சமையலறையில் செய்யாத எதையும் விற்கக்கூடாது என்று விதி இருந்தது. ஒழுகுகிற தேவாலயக் கூரையைச் சரிசெய்யப் பணம் சேர்க்க அதன் கீழ்த்தளத்தில் கேக் விற்ற பெண்களைச் சுகாதார அதிகாரி வந்து விரட்டியடித்தார். எல்டன் சட்டமன்றத்துக்குப் போய், வீட்டு அடுப்பில் செய்த கேக்கையும் ரொட்டியையும் இப்படிப்பட்ட விற்பனைகளில் விற்கலாம் என்று சட்டம் போட்டுவிட்டு வந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்குப் பிறகு எந்தக் கேக் விற்பனையிலும், முன்பின் தெரியாதவர்கள் வாயில் துண்டை வைக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"அது என் சட்டம்."

ரஸ்ஸல் டால்பெர்க் பேக்கரிக்காரர், அந்தக் காலத்தில் இரண்டு உறுப்பினர் இருந்த எங்கள் தொகுதியின் இன்னொரு உறுப்பினர். வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டினால் தன் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று பயந்து, அந்தச் சட்டத்தை எதிர்த்து அவையில் தொண்டை வறளப் பேசியவர். அந்தச் சட்டத்துக்குத்தான் இப்போது அவர் தகப்பன் ஆகியிருக்கிறார். பழைய அச்சுப் புத்தகத்தை யாரோ இணையத்தில் ஏற்றியபோது இரண்டு 'டால்' பெயர்களுக்கு நடுவே ஒரு வரி இடம் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

இருவரும் எதிரிகளா என்று கேட்டால், தினமும் காலையில் ஒரே மேசையில் காபி குடிக்கிற அளவுக்கு எதிரிகள்.

"டேய் ரஸ்ஸல், உன் பன்னு கல்லு மாதிரி இருக்கு. இதை வித்துக்கிட்டு எப்படிடா மூணு தடவ ஜெயிச்ச?"

"கல்லா இருந்தாத்தான் நீ மெல்ல நேரமாகும். அதுவரைக்கும் அந்தச் சட்டக் கதைய எடுக்க மாட்ட பாரு, அதுக்குத்தான்."

"ஒரு சட்டமாவது போட்டேன்டா நான்."

"நான் பத்து மோசமான சட்டத்தைத் தடுத்தேன். தடுத்ததுக்கு எவன்டா நாடா வெட்டி விழா எடுக்கிறான்?"

3.

ரஸ்ஸலைச் சாகடிக்க எனக்கு மனமில்லை. மேலே உள்ள உரையாடலை இன்னும் நாலு பக்கம் எழுதலாம் என்றுகூட இருந்தது. ஆனால் கதைக்கு அவர் இறந்தாக வேண்டும். அறுவடை முடிந்த மாதத்தில், கடையை மூடிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. [இங்கே ஒரு சோகமான பத்தி இருந்தது. ரஸ்ஸல் படித்திருந்தால் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார். எடுத்துவிட்டேன்.] மறுநாள் காலை காபிக் கடை மேசையில் எல்டன் மட்டும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிற பெண் பழக்கத்தில் இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். எல்டன் அன்றைக்குச் சட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

எங்கள் சட்டமன்றத்தில் ஒரு வழக்கம். முன்னாள் உறுப்பினர் யாராவது இறந்தால், வசந்தகாலக் கூட்டத்தில் ஒருநாள் அந்தத் தொகுதியின் இப்போதைய உறுப்பினர் இரங்கல் தீர்மானம் வாசிப்பார். எங்கள் உறுப்பினர் கெல்சி ஹாப்வுட் புதியவள், இளம் பெண், காரியத்தில் சுறுசுறுப்பு. இணையக் குறிப்பைப் பார்த்து எழுதினாள். எழுதியதை ரஸ்ஸலின் மனைவி ஆர்டிஸுக்குத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினாள்.

கடைசிவரை கேட்டுவிட்டு ஆர்டிஸ் சொன்னது:

"நல்லா இருக்கும்மா."

இந்த இடத்தில் வாசகர் கோபப்படலாம். புருஷன் செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் மறுக்க வேண்டாமா என்று கேட்கலாம். நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. இங்கே ஒருவர் பிரியமாக ஒன்றைச் செய்துவிட்டால் அதில் தப்புக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய தப்பு கிடையாது. முடிதிருத்துகிறவர் காதை வெட்டினாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள்கிற ஜனங்கள் இவர்கள்.

4.

எல்டன் கோட்டு போட்டுக்கொண்டு தலைநகருக்குப் போனார். முன்னாள் உறுப்பினர்களுக்கு அவைக்குள்ளேயே ஓரமாக இருக்கை உண்டு, கோட்டில் குத்திக்கொள்ள வெள்ளைப் பூவும் தருவார்கள். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. தீர்மானம் முடிந்ததும் அவையில் இருக்கிற அத்தனை பேரும், பூக் குத்திய கிழவர்கள் உட்பட, எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் நின்ற பிறகுதான் அவைத்தலைவர் சுத்தியலைத் தட்டுவார். தட்டினால் தீர்மானம் நிறைவேறியது, அவைக் குறிப்பில் ஏறியது, இனி யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

முன்வரிசையில் ஆர்டிஸ் நீல உடையில் இருந்தாள். எல்டனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் முகம் சற்று வெளுத்திருந்தது. இருக்காதா பின்னே என்று எல்டன் நினைத்துக்கொண்டார்.

கெல்சி வாசித்தாள். பிறப்பு, படிப்பு, போர்ப் பணி, பேக்கரி. எல்லாம் சரி. எல்டன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"இந்த மாநிலத்தின் ஒவ்வொரு தேவாலயத்திலும், தீயணைப்பு நிலையத்திலும், பள்ளியிலும் இன்று கேக் மணக்கிறதென்றால், அதற்குக் காரணம் இந்த ஒரு மனிதர். வீட்டு அடுப்புச் சட்டத்தின் தந்தை, ரஸ்ஸல் டால்பெர்க்."

எல்டனின் காது சூடாகிவிட்டது. முதலில் தப்பாகக் கேட்டோம் என்று நினைத்தார். பிறகு மேலே மாடத்தில் யாரோ கைதட்டினார்கள். தன் ஒரே பிள்ளையை, கண் முன்னாலேயே, பிள்ளை வேண்டாம் என்று அடம்பிடித்தவன் மடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அடம்பிடித்தவனோ வாய் திறந்து மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறான்.

"அவை எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் அவைத்தலைவர்.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள். எல்டன் எழவில்லை.

5.

(எழுத்தாளன் இங்கே மாட்டிக்கொண்டான். மூன்று நாளாக எல்டன் உட்கார்ந்தே இருக்கிறார். நானும்தான்.)

முடிவு அ: எல்டன் பெருந்தன்மையாக எழுந்து நிற்கிறார், கண்ணீர். எழுதிப் பார்த்தேன். அந்த எல்டன் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

முடிவு ஆ: "பொய்!" என்று கத்துகிறார். சட்டமன்றமே ஸ்தம்பி… ஸ்தம்பிக்காது. எங்கள் ஆட்கள் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, பிறகு அவருக்குக் காபி வாங்கிக் கொடுப்பார்கள்.

முடிவு இ: பிழை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இதைத்தான் எழுதப் போனேன். எழுதும்போதுதான் ரஸ்ஸலின் குறிப்பை இன்னொரு முறை பார்த்தேன். அந்த ஒரு வரியை உருவினால் மிச்சம் என்ன? பேக்கரி. மூன்று தவணை. லூத்தரன். தடுத்த சட்டங்களை எந்தக் குறிப்பிலும் எழுதுவதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு வரிதான்.

ஆகவே ஆர்டிஸை அனுப்புகிறேன். எழுந்து நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் எல்டனிடம் வருகிறாள், பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். இப்போது அவையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன எல்டன், முட்டி பிடிச்சிக்கிச்சா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"தெரியும். கெல்சி போன்லயே படிச்சுக் காட்டுனா."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே ஆர்டிஸ்?"

"என்னன்னு சொல்றது? அந்தப் பொண்ணு அவ்வளவு ஆசையாப் படிச்சுது. நடுவுல நிறுத்தி, 'இல்லம்மா, எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே செய்யல'ன்னா சொல்லச் சொல்ற?"

எல்டனுக்கு வேறு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் காலத்து விவாதத்தில் ரஸ்ஸல் மேசையைத் தட்டிக் கத்தியது: "செஞ்சவ பேரு ஒட்டாத கேக்கை என் எதிரிக்குக்கூடக் குடுக்க மாட்டேன்!" மறுநாளே எல்டன் தன் மசோதாவில் ஒரு வரியைச் சேர்த்தார்: கேக்கின் மேல் செய்தவர் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அந்த வரியால்தான் தயங்கிய உறுப்பினர்கள் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்த வரியால்தான் இன்றைக்கும் ஜனங்கள் ஒட்டிய பெயரைப் பார்த்துப் பாய்ந்து வாங்குகிறார்கள். ஆயிரம் தடவை கதை சொன்ன எல்டன் அந்த இடத்தை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை.

"ஆர்டிஸ், அந்தச் சட்டத்துல ஒரு வரி…"

"ஷ்ஷ். பேசக்கூடாது இங்க. பூக் குத்தியிருக்க."

"நான் உக்காந்திருக்கிறது உன்னை அவமானப்படுத்த இல்ல."

"ஐயோ, உக்காரு உக்காரு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு சொன்னாள்: "இந்தச் சட்டத்துக்கு ரஸ்ஸல் எந்திரிச்சிருப்பான்னா நினைக்கிற? கட்டையைப் போட்டு நெம்பினாலும் எந்திரிக்க மாட்டான். அவனுக்காக நீயாவது உக்காந்திரு. நானும் உக்காந்துக்கறேன்."

அப்போதுதான் எல்டனுக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

6.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. எழுந்தால் தன் வாழ்நாளின் ஒரே வரியைத் தன் கையாலேயே ரஸ்ஸலுக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும். உட்கார்ந்தால் ரஸ்ஸல், பாவம், மூன்று தவணையும் ஒரு பேக்கரியுமாக வெறுங்கையோடு போவார். எல்டன் பக்கம் பார்த்தால் எல்டன் சரி. ஆர்டிஸின் கைக்குட்டையைப் பார்த்தால் எனக்கே வாய் அடைத்துப்போகிறது. எழுதுகிறவன் இரண்டு பேரையும் நேசித்துத் தொலைத்தால் இதுதான் கதி.

கெல்சி, பாவம், தாளைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் பார்க்கிறாள். தான் எதையோ சொதப்பிவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. கேட்காததுபோல் இருப்பதில் தேர்ந்த அத்தனை உறுப்பினர்களும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்டன் இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் ஊன்றியிருக்கிறார். எழுவதற்கும் அப்படித்தான் ஊன்றுவார். எழ மாட்டேன் என்று அழுத்தி உட்காருவதற்கும் அப்படித்தான்.

அவைத்தலைவர் சுத்தியலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வயதானவர். கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

சீக்கிரம் சொல்லுங்கள்.